மூன்று பேர் ஓட்டிய வண்டி

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் ஏற்காட்டில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியை எழுதி உறையில் போட்டு, சாயங்காலம் சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். காப்பி விலை, கோடை விழா, மலைப்பாதையில் மண்சரிவு. பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கைப் பற்றியும் அப்படி அனுப்பினேன். நான்கு வரியில் வந்தது. அந்த நான்கு வரியில் தவறு எதுவும் இல்லை, ஆனால் நடந்தது எதுவும் அதில் இல்லை.

வழக்கில் சிக்கியவன் வாலிபால் வீரன். இருபத்திரண்டு வயது. அவனுடைய தாய் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்; தகப்பன் இல்லை. காப்பி காயப்போடும் சிமெண்ட் களத்தில், பழ சீசன் இல்லாத மாதங்களில், ஓரத்து சில்வர் ஓக் மரங்களில் வலையைக் கட்டி ஆடிப் பழகியவன். களத்தை விட்டுப் பந்து வெளியே போனால் சரிவில் இறங்கிச் செடிகளுக்குள் தேட வேண்டும். அதனாலேயே பந்தைக் கீழே விடாமல் எடுக்கக் கற்றுக்கொண்டான் என்று சொல்வார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அவனைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. ஆடுவதற்குச் சம்பளம். முதல் வருடம் தற்காலிகம், மார்ச்சில் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் உண்டு. தாயை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து கூட்டிப் போய்விடலாம் என்பதுதான் அவன் கணக்கு.

ஊரில் அவனுக்கு ரசிகர் மன்றம் இருந்தது. முன்பு ஒரு சினிமா நடிகருக்கு வைத்திருந்த மன்றத்தின் போர்டை வெள்ளையடித்து, இவன் பெயரை எழுதிக்கொண்டார்கள். தலைவர் ஒரு எஸ்டேட்டின் ஜீப் டிரைவர். நாற்பது வயது இருக்கும். இவன் ஆடிய போட்டிகளில் சேலத்தில் நடந்ததை எல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தவர். ஏற்காட்டில் அவனை அவ்வளவு நேசித்தவர் வேறு யாருமில்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

பொங்கல் லீவுக்கு வந்தவனை, அவன் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மதியம், மன்றத்தில் பாராட்டினார்கள். பொன்னாடைகள் முடியவில்லை. பேச்சு அதற்கு மேல். அவன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். சேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும், கடைசி பேச்சாளர் அப்போதுதான் அவனுடைய பள்ளிக்கூட நாட்களுக்கு வந்திருந்தார். கூட்டம் முடிந்தபோது பஸ் போய்விட்டது. தலைவர் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, திரும்ப ஓட்டி வருவதற்காகத் தானும் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். இறங்குகிறவன் நிற்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறி வந்தது சப்-இன்ஸ்பெக்டரின் ஜீப். இவன் நிற்கவில்லை. ஜீப்புக்கும் பாதையோரத் தடுப்புச் சுவருக்கும் இடையில் இருந்த இடத்தில் நுழைந்து போய்விட்டான். ஜீப்பின் ஒரு சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கியது. அதற்கு அடுத்த வளைவில் ஆரஞ்சுக் கூடையோடு நடந்து வந்த ஒரு பெண் சுவர்ப் பக்கம் சாய்ந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பழமெல்லாம் ரோட்டில் உருண்டு இறங்கியது.

ஜீப்பிலிருந்து வயர்லெஸ்ஸில் தகவல் போய், அடிவாரத்து செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் அவர்களை மறித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் திரும்ப இறங்கி வந்தார். அவரும் இவனுடைய ஆட்டத்தைப் பார்த்தவர்தான்.

"யார் ஓட்டினது?"

"நான்தாங்க சார். தப்புதாங்க."

"நிக்கத் தெரியாதா உனக்கு? இன்னும் ஒரு சாண் தள்ளி வந்திருந்தா என்னாயிருக்கும்? நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வா. பெட்டி கேஸ்தான். கோர்ட்ல ஃபைனைக் கட்டிட்டு ராத்திரி ரயிலைப் பிடிச்சுப் போய்ச் சேரு."

இவ்வளவுதான் நடந்தது. இதோடு முடிந்திருக்க வேண்டும்.

ரயிலை விட்டுவிட்டு இருவரும் மலையேறி வருவதற்குள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குச் செய்தி வந்துவிட்டது. நான் அங்கே இருந்தேன். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பெருமைப்பட்டார்கள்.

"போலீஸ் ஜீப்பையே வாய்க்கால்ல இறக்கிட்டானாமா! கையி காலெல்லாம் ஸ்பிரிங்குங்க அவனுக்கு."

"அட, எவனோ மெட்ராஸ்ல சொல்லிக் குடுத்துத்தான் புடிச்சிருக்கானுங்க. மலைக்காரப் பையன் மேல வந்தா பொறுக்குமா?"

"அந்தப் பொம்பளைக்கு அடிபட்டுதாமே?"

"கூடையத் தூக்கிக்கிட்டு நடு ரோட்ல வந்தா? ஓரமா வரத் தெரியாதுங்களா?"

அந்தப் பெண் வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்துக்காரர். மறுநாள் சந்தை வாசலில், மிஞ்சிய பழங்களோடு உட்கார்ந்திருந்தார். ஓரமாகத்தான் வந்தேன் என்றார். கேஸ் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "நம்ம பையன்னு சொல்றாங்களே சாமி. நான் போயி என்னத்தக் குடுக்கறது?" என்றார். அவரிடம் கேட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நான் அனுப்பிய செய்தியில் அவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. அச்சில் அது வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே மன்றம் கூடியது. மற்ற ஊர்களில் தோன்றியிருக்காத ஒரு யோசனை இங்கே தோன்றியது. எஸ்டேட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியோ முதலாளி மகனோ வண்டியை எங்காவது மோதிவிட்டால், டிரைவர் போய் "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லுவார். கேஸை ஏற்றுக்கொள்வது என்று அதற்குப் பெயர். முதலாளி முன்கூட்டியே பேச வேண்டியவர்களிடம் பேசியிருப்பார். அபராதத்தை அவரே கட்டுவார். டிரைவருக்கு லைனில் மரியாதை கூடும். நம் தலைவர் சின்ன முதலாளிக்காக ஒரு முறை கேஸை ஏற்றுக்கொண்டவர். அவருடைய வாழ்க்கையில் அதுவரை அதுதான் பெரிய சம்பவம்.

"துரை மவனுக்கே ஏத்துக்கிட்டோம். நம்ம தம்பிக்கு ஏத்துக்க மாட்டமா?" என்றார். கை தட்டினார்கள்.

முதலாளி பேச வேண்டியவர்களிடம் பேசிவைத்த பிறகுதான் டிரைவர் போவார் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இந்த முறை முகத்தைக் கண்ணால் பார்த்தவரே சப்-இன்ஸ்பெக்டர் என்பதும்தான்.

காலையில் வழக்கம்போல் செய்தி கேட்க ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், மெக்கானிக் கடை வைத்திருந்த மன்றப் பொருளாளர், தோட்டத்தில் மருந்தடிக்கிற ஒரு உறுப்பினர். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் விடிந்ததும் வந்திருக்கிறார்கள். மூவரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றே: வண்டியை ஓட்டியது நான்.

சப்-இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார்.

"ஏய்யா, அந்த வண்டிக்கு எத்தனை ஹேண்டில்பாரு?"

மருந்தடிக்கிறவரிடம் லைசென்ஸ் கேட்டார். இல்லை. வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அதுவும் தெரியாது. "கத்துக்கறனுங்க சார்," என்றார். அப்போதுகூட சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க," என்று அவரையும் மெக்கானிக்கையும் அனுப்பினார். தலைவர் எழவில்லை.

"சார், நீங்க பார்த்தது தப்புங்க. முன்னால ஒக்காந்திருந்தது நானுங்க. தம்பி பின்னால இருந்தான். வேகத்துல உங்களுக்கு மூஞ்சி தெரிஞ்சிருக்காதுங்க."

சிரிப்பு நின்றது. இதை ஏற்றுக்கொண்டால் அவர் ஆள் தெரியாமல் பிடித்தவர் ஆகிவிடுவார். எழுத்தரைக் கூப்பிட்டு, தலைவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். அதற்குள் வாசலில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். "பொய் கேஸ் போடாதே" என்று ஒருவன் ஆரம்பித்தான். அந்த நேரத்தில்தான் வாலிபால் வீரன் தன் தாயோடு வந்து சேர்ந்தான். வாசலில் அவன் கையைப் பிடித்துக் காதில் சொன்னார்கள்: "நீ வாயத் தொறக்காத கண்ணு. எல்லாம் பேசியாச்சு."

உள்ளே அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. யார் ஓட்டியது? அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கண்ணாலேயே, பேசாதே என்றார். தாய் கதவோரம் நின்றார்.

"நான்தாங்க சார். நேத்தே சொன்னேனுங்களே."

தலைவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை. நடுச்சபையில் அறை வாங்கியவரின் முகம். பொய்த் தகவல் கொடுத்ததாக அவர் மேல் தனிக் கேஸ் எழுதப்பட்டது. வாசலில் கோஷம் நின்றுபோனது. பிறகு ஒரு குரல் மட்டும், "காட்டிக் குடுத்துட்டான்டா," என்றது.

வேகமாக ஓட்டியதை மன்னித்தார்கள். ஜீப்பை வாய்க்காலில் இறக்கியதைக் கொண்டாடினார்கள். ஒரு பெண் விழுந்ததை அவளுடைய குற்றமாக்கினார்கள். நான்தான் ஓட்டினேன் என்று அவன் சொன்னதை மட்டும் அவர்களால் தாங்க முடியவில்லை. மன்றத்துப் போர்டில் தார் பூசப்பட்டது. லைனில் தண்ணீர்க் குழாயில் அவனுடைய தாய் குடத்தை வைத்தால், "மெதுவா வைங்க அம்மிணி, உங்கூட்டு ஆளுங்களுக்கு நொம்ப வேகம்," என்று சிரித்தார்கள்.

தலைவர் அத்தோடு விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பணம் கேட்டு மிரட்டினார் என்று மேலதிகாரிக்கு மனு அனுப்பினார். அது பொய். விசாரணை வந்தது. விசாரணை முடியும் வரை எதையும் முடிக்கக் கூடாது என்று அவனுடைய பெட்டி கேஸும் சேர்த்து நிறுத்தி வைக்கப்பட்டது. செய்தி எப்படியோ கம்பெனிக்குப் போனது. கேஸ் முடிந்துவிட்டது என்று மார்ச்சுக்குள் ஸ்டேஷனிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். மனுவைத் திரும்பப் பெற்றால்தான் எதுவும் நகரும்.

அவன் சென்னையிலிருந்து வந்தான். தலைவர் வீட்டுக்குத் தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூப்பிட்டான். தலைவர் எங்களுக்கு நாற்காலி போட்டார். காப்பி வந்தது. மரியாதையில் குறைவில்லை.

"அண்ணா, அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கிட்டீங்கன்னா, வேலை நெலைச்சிருமுங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"வாங்கறன் தம்பி. எனக்கு உம்மேல என்ன பகை? ஒண்ணு பண்ணு. மன்றத்துக்கு வந்து, அன்னிக்கு ஸ்டேஷன்ல பயத்துல மாத்திச் சொல்லிட்டன், ஓட்டினது தலைவர்தான்னு நாலு பேர் முன்னால சொல்லு. போதும்."

"சொன்னா கேஸு இன்னும் இழுக்குமுங்களே அண்ணா."

"எனக்கு ஊருக்குள்ள தலை காட்ட வேண்டாமா? எம் மவன் பள்ளிக்கூடத்துல, பொய்க்காரன் புள்ளைன்னு கூப்பிடறானுங்க. உனக்காக நான் ஜெயிலுக்குப் போக ரெடியா இருந்தன்டா."

"நான் கேக்கலைங்களே அண்ணா."

தலைவர் காப்பி டம்ளரை எடுத்து, அவன் குடிக்காமல் வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம்.

மார்ச் போயிற்று. அவனை நிரந்தரமாக்கவில்லை. விசாரணையில் மனு பொய் என்று முடிவாகி, அவனும் கோர்ட்டில் அபராதம் கட்டியபோது மழைக்காலம் வந்துவிட்டது. கம்பெனி அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்திருந்தது. அதன் பிறகு சில வருடங்கள் சமவெளி ஊர்களில் ஒருநாள் போட்டிகளுக்கு யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் பெயரில் ஆடினான். பஸ் செலவும் பிரியாணியும் கொடுப்பார்கள். பிறகு முழங்கால் போய்விட்டது.

தொண்ணூறுகளில் நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் தலைவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதப் புதிதாக வந்த ரைட்டர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தியா டீமுக்கு ஆட வேண்டிய பையனுங்க. அன்னிக்கு மட்டும் என்னைய உள்ள போக உட்டிருந்தான்னா, இன்னிக்கு எங்கியோ இருந்திருப்பான். நான் தயாராத்தான் இருந்தன். ஏனுங்க, நீங்களும் பார்த்தீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

பார்த்தேன் என்றேன். அது உண்மைதான். நாலடி தள்ளி, லைனுக்குப் போகும் பஸ்ஸுக்காக அவனுடைய தாய் ரேஷன் பையோடு நின்றிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். பஸ் வந்ததும், அவர் ஏறும்போது தலைவர் அவருடைய பையை வாங்கி உள்ளே வைத்தார். தாய் அதை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.