பதினோராவது அடியில் நின்ற பாட்டு

என் அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது போனது. முதலில் மாதா கோயில் மணி கேட்கவில்லை. பூசைக்குத் தாமதமாக வந்தார். பிறகு சாமியாரின் பிரசங்கம் கேட்கவில்லை. கடைசியில் நாங்கள் பேசுவதும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொன்பது முடிந்து ஐந்து மாதமாகியிருந்தது. ஐம்பதுக்கு இன்னும் ஏழு மாதம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏரியூரில் பயிர்க் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். நிலத்தில் ஒரு துண்டை நூல் கட்டி அளந்து, அதற்குள் நிற்கும் கேழ்வரகுக் கதிர்களை எண்ணி எழுத வேண்டும். அப்படி எண்ணிப் பழகியவன் வீட்டுக்கு வந்தாலும் எண்ணுவதை நிறுத்த முடியாது. என் மனைவி களி கிண்டும்போது எத்தனை சுற்று என்றுகூட எனக்குத் தெரியும்.

பம்பாயில் வேலையிலிருந்த அவளுடைய அண்ணன் வெளிநாடு போகுமுன் தன் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் ஒரு ரிக்கார்டு பிளேயரையும் பன்னிரண்டு இசைத்தட்டுகளையும் ரயிலில் எங்களுக்கு அனுப்பிவிட்டார். ஆம்ப்ளிஃபையரை அனுப்பவில்லை. ‘கண்ணாடி வால்வு வைத்ததாக, வலுவானதாகப் பார்த்து வாங்குங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பெட்டிகளை மொரப்பூரில் இறக்கி, பஸ்ஸின் மேலேற்றிக் கொண்டுவந்தேன். எல்லாப் பக்கமும் மூடிய மரப்பெட்டிகள். புளி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பத்தொன்பது கிலோ, மற்றது பத்தொன்பதரை. அந்த அரைக் கிலோ வித்தியாசம் எப்படி வந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தருமபுரியில் வால்வு ஆம்ப்ளிஃபையர் வேண்டுமென்றால் மைக் செட்டுக்காரரிடம்தான் போக வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுபவர் அவர். ஏறக்குறைய என் வயது. ஆம்ப்ளிஃபையர்களைத் தானே பாகம் சேர்த்துப் பூட்டுவார். அவருக்கு ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்க ஒரே ஒரு முறைதான் தெரியும். கடை மாடியில் குழாயைக் கட்டிப் பாட்டு வைத்துவிடுவார். வாங்குகிறவர் நடந்துகொண்டே போக வேண்டும். எதுவரை கேட்கிறதோ அதுதான் அதன் வலு. தருமபுரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘அது ரெண்டு ஊருக்குப் போகும், இது மூணு ஊருக்குப் போகும்’ என்றுதான் சொல்வார்கள்.

நானும் நடந்தேன். அலமாரியில் இருந்ததிலேயே சிறியதை வைத்திருந்தார்; ஒலியைத் தள்ளும் பெரிய வால்வுகள் இரண்டுதான் அதில். ஆயிரத்து அறுநூற்று நாற்பது அடி எண்ணினேன். ஏரிக்கரை வந்துவிட்டது, பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரைவிட என் காதை நினைத்துத்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

“உங்க வூடு எத்தனை அங்கணம் சார்?” என்று கேட்டார் மைக் செட்டுக்காரர்.

“ரெண்டு” என்றேன். உத்திரத்துக்கு உத்திரம் உள்ள இடைவெளிதான் அங்கணம்.

“ரெண்டு அங்கணத்துக்கு மூணு ஊரு ஆம்ப்ளிஃபயரு! ஓடு பறந்து போச்சுன்னு எங்கிட்ட வரக் கூடாதுங்க.”

வீட்டில் அதைப் பெட்டிகளோடு இணைத்து, ஒரு புல்லாங்குழல் தட்டை வைத்தேன். கொசு முனகுவதுபோல் ஏதோ வந்தது. ஒலி கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினேன். முனகல் கரகரத்தது, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து பின்னால் நடந்தேன். பதினோராவது அடியில், அடுப்படி வாசலில், பாட்டு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை ஆயிரத்து அறுநூற்று நாற்பது. சனிக்கிழமை பதினொன்று. அதே ஆம்ப்ளிஃபையர். நடுவில் மாறியது என்ன? என் காதுதான். அப்பாவுக்கும் இப்படித்தான் திடீரென்று ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

“எனக்கும் சன்னமாத்தாங்க கேக்குது” என்றாள் மனைவி.

என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். “உன்னை யாரு கேட்டா?” என்று எரிந்து விழுந்தேன். அவள், “நெசத்தச் சொன்னாலும் கடிக்கிறீங்க, பொய்யச் சொன்னாலும் கடிக்கிறீங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு திரும்பத் தருமபுரி போனேன். நடந்ததைச் சொல்லி, அப்பாவின் கதையையும் சொன்னேன். மைக் செட்டுக்காரர் சிரிக்காமல் கேட்டார்.

“சார், நீங்க ஆம்ப்ளிஃபயரத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா, காதத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா?”

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த மைக் செட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் சிறியது, பெரியது என்று இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு குழாய். முதலில் பெட்டி ஒன்றைத் தூக்கப் பார்த்து, “அம்மாடி” என்று கீழே வைத்தார். பிறகு அதன் முகத்துணியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புக் காகிதக் கிண்ணத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“தப்பு எம்மேலதாங்க. கொழாய்க்கு ஒரு சிட்டிகை குடுத்தாப் போதும், ஊரையே கூப்புடும். இந்தப் பொட்டி குண்டான் குண்டானாத் தின்னுட்டு ஒரு வார்த்தை பேசும். இதக் கொண்டாந்து காட்டுங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலியே.”

நான் நம்பவில்லை. அதைக் காட்டுவதற்காகச் சிறிய ஆம்ப்ளிஃபையரைக் குழாயோடு இணைத்து வீட்டுக்குள்ளேயே பாட விட்டார். வாசலில் படுத்திருந்த ஆடுகள் நாலும் நாலு பக்கம் ஓடின. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அந்தச் சத்தம் என் அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு பெரியதை மேசைமேல் ஏற்றினோம். பெரிய வால்வுகள் நான்கு அதில். இரண்டு பெட்டிகளின் பின்னாலும் மின்தடை எட்டு ஓம் என்று போட்டிருந்தது. “எட்டும் எட்டும்?” என்றார். “பதினாறு” என்றேன். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் சேர்த்து, பதினாறு என்று எழுதியிருந்த முனையில் கட்டினார்.

விசையைப் போட்டதும் ஒன்றும் வரவில்லை. நாற்பது எண்ணுவதற்குள் கண்ணாடிகளுக்குள் நான்கு கம்பிகள் செம்மண் நிறத்தில் மெல்லக் கனிந்தன. பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அதே புல்லாங்குழல் தட்டை வைத்தேன். திருகைக் கால்வாசிதான் திருப்பினார்.

குழல் பெட்டியிலிருந்து வந்ததாகவே தோன்றவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, காலண்டர் மாட்டிய சுவருக்கு முன்னால், ஓர் ஆள் உட்கார்ந்து ஊதினார். உதடு துளையில் படுவது தெரிந்தது. விரல் விலகுவது தெரிந்தது. கோயிலில் முழங்காலிடும்போதுகூட நான் அப்படி அடங்கி இருந்ததில்லை. ஒரு வரி முடிந்தது. அடுத்த வரிக்கு முன் அந்த ஆள் மூச்சை உள்ளே இழுத்தார்.

உடனே சந்தேகம் வந்துவிட்டது. இது உண்மையிலேயே கேட்டதா, கெட்டுப்போகிற காது தானாகச் செய்கிற இரைச்சலா? மற்றவர்களிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

அப்போது அடுப்படியிலிருந்து களி கிண்டும் துடுப்பைக் கையில் பிடித்தபடியே மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க அது, உள்ள மூச்சு வாங்கறது?”

சுவரைக் கை காட்டினேன். மைக் செட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இருபது வருசமா ஊருக்குக் கேக்கறாப்பல கத்த வெச்சிருக்கறேன் சார். ஒருத்தரு மூச்சு இழுக்கறத இன்னிக்கித்தான் கேக்கறேன்” என்றார்.

அவளையும் உட்கார வைத்து, தட்டை முதலிலிருந்து போட்டேன். மூச்சை எண்ணச் சொன்னேன். “இதுக்குமா கணக்கு?” என்று முணுமுணுத்தாலும் விரல் மடக்கிக்கொண்டுதான் இருந்தாள். முடிந்ததும், “நாப்பத்தொண்ணு” என்றாள். என் காகிதத்திலும் நாற்பத்தொன்று.

அப்புறம் வலக்காதை மூடிக்கொண்டு ஒரு முறை கேட்டேன். நாற்பத்தொன்று. இடக்காதை மூடிக்கொண்டு ஒரு முறை. நாற்பத்தொன்று. களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. மூவரில் யாரும் எழுந்து போகவில்லை.