படையலில் வைக்காத கள்

எங்கள் அய்யாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம்.

அய்யா சமயநல்லூரில், ஒரு சாண் நிலமும் இல்லாத கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். பிறர் வயலில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். அவரது நற்குணங்களை மட்டும் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் அவர் பட்ட பாடு ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

அந்நாளில் அறுப்புக் கூலியோடு கள்ளும் ஊற்றுவார்கள். உடம்பு வலிக்கென்று தொடங்கியது அய்யாவை விடாமல் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தால் எங்களுக்குக் குலை நடுங்கும். ஒரு மாலை அவர் தள்ளியதில் அம்மா அடுப்பில் விழுந்து கை வெந்துபோனது. அன்றோடு அய்யா கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை.

ஆனால் பயம் போகவில்லை. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்தார். அந்தி வந்தால் வியர்க்கும். கள்ளுக்கடையில்லாத வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வீடு வருவார். முன்பு குடித்த அதே நேரத்துக்கு அம்மா கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீரை நீட்டுவார். பிறகு, கை சும்மா இருக்கக் கூடாதென்று கற்றாழை நாரில் கயிறு திரிப்பார்.

"அதான் விட்டுட்டீகள்ல அய்யா, இன்னும் என்ன பயம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது சாகல ஆத்தா, உறங்குது" என்றார்.

கடைசிக் காய்ச்சலில் வைத்தியர் தந்த அரிஷ்டத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு, கள் வாடை அடிக்கிறது, வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

இறந்தவருக்குப் பிடித்ததைப் பதினாறாம் நாள் படையலில் வைப்பது நம் வழக்கம். அய்யாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஒரு கலயம் கள்ளோடு வந்தார்.

"அண்ணே ஆசையாக் குடிச்சது மதினி. வைக்கலேன்னா ஏங்கிப் போயிருவாரு."

அம்மா இலையை மறித்து நின்றார்.

"உசுரோட இருந்தப்ப ஊரைச் சுத்தியாச்சும் தப்பிச்சு வந்தாரு. இப்ப எந்திரிச்சு ஓடக்கூட முடியாதவரு முன்னால கொண்டாந்து வைக்கிறீகளே தம்பி."

சித்தப்பா கலயத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அய்யாவை வண்டி கட்டி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவனியாபுரத்து மாமாவுக்கும், முறை வைத்து உடனிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவும் இந்த மாதம்தான் குடியை நிறுத்தியிருக்கிறார். அந்தியானால் அவர் வரும் வழியைப் பார்த்துச் சித்தி வாசலில் வந்து நிற்கிறார். அந்தப் பயம் எங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று வருகிறவர்கள் யாரும், அய்யாவின் பேரைச் சொல்லிச் சித்தப்பாவுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.