புகைக்கூண்டைப் பார்த்து நட

விருத்தாசலத்தில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. வீடு எங்கே என்று யார் கேட்டாலும் புகைக்கூண்டுக்குக் கீழே என்போம். சந்தின் முனையில் ஒரு பீங்கான் கம்பெனி. அதன் சூளையில் சரக்கு அடுக்குவது அப்பாவின் வேலை. ஊரில் வேறு புகைக்கூண்டுகளும் இருந்தன. எங்களுடையதன் உச்சியில் மட்டும் நாலைந்து செங்கல் பெயர்ந்து, பல் விழுந்த வாய் போலிருக்கும். வழி தவறினால் அழக்கூடாது, தலையைத் தூக்கி அதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன், லாரிக்கு அடியிலும் படுத்து எழுந்தேன். அவ்வளவு லேசான விலாசம் எங்கும் அமையவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். மாசி மகத்தன்று அப்பா என்னையும் தங்கச்சியையும் தனியாகக் கோயிலுக்கு அனுப்பினார். கடைத்தெருவுக்கே தனியாக விடாதவர். சூளை கொஞ்ச நாளாகவே பற்றவைக்கப்படாமல் கிடந்தது. என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி, "பாப்பா கையை விட்டுடாத. எல்லாம் பாத்துட்டு மத்தியானத்துக்கு மேல வந்தா போதும்" என்றார். சீக்கிரம் வா என்று சொல்லாதது எனக்குப் பெருமையாக இருந்தது.

கோயில் கட்டிய காலத்தில் ஒரு முனிவர் வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தங்கச்சி கோயிலுக்குள் இருந்த அந்த வன்னி மரத்தடியில் உட்கார்ந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கவுன் பையில் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்காம். அப்போது தூரத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. திருவிழா வேட்டு என்று நினைத்தேன்.

கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டுபோய் வேறொரு வாசலில் விட்டது. நாலு பக்கமும் கோபுரம், நாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பயமில்லை. தலையைத் தூக்கினேன். வீட்டுப் பக்கம் என்று நினைத்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு புகைக்கூண்டு தெரிந்தது. அதன் உச்சி முழுசாக இருந்தது.

தங்கச்சி தண்ணீர் கேட்டாள். மைக்கில் காணாமல்போன குழந்தைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனால் விலாசம் கேட்பார்கள். பொரி விற்றவரிடம் புகைக்கூண்டு வீடு என்று சொல்லிப் பார்த்தேன். "புகைக்கூண்டு வூடா? அப்ப நேரா மேலதான் போவணும்" என்று அவர் சிரித்தார். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அவள் கை வேர்வையில் நழுவிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பாலக்கரை வரை வந்துவிட்டோம். அங்கே ஒரு டீக்கடை பாய் தங்கச்சிக்குத் தண்ணீரும் பன்னும் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"மேல பல்லு போன கூண்டுதானே? காலையில சாய்ச்சிட்டாங்களேப்பா. கம்பெனி ஆளுங்களையே வுட்டு கயிறு கட்டி இழுத்தாங்களாம். இனிமே அது எங்கேந்து தெரியும்?"

ஜங்ஷன் ரோட்டில் எதுவரை போய் எங்கே திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். திரும்பிய பிறகு மூன்று சந்துகள் பிரிந்தன. நான் பழக்கத்தில் மறுபடி மேலே பார்த்தேன். தங்கச்சி கீழே பார்த்து, "இங்கதான்" என்றாள். கம்பெனியில் உடைசல் என்று ஒதுக்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கொட்டித்தான் எங்கள் சந்தின் பள்ளங்களை மேடாக்கியிருந்தார்கள். அவளுடைய உயரத்துக்கு அந்த வெள்ளைச் சில்லுகள்தான் ஊர். அதை வைத்தே வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தால் எப்போதும் வெள்ளையாக வருவார். தலை, இமை, காதுமடல் எல்லாம் மாவு அப்பியது போலிருக்கும். அன்று சிவப்பாக இருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மா எங்களை ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

"நம்ம புகைக்கூண்ட யாரோ இடிச்சிட்டாங்கப்பா" என்று புகார் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்காமல், "பாப்பா கையை வுட்டியா?" என்றார்.

"வுடலப்பா."

"அது போதும்."

தங்கச்சி அவர் விரல்களைப் பிரித்து, கசங்கிய வன்னி இலைகளை உள்ளங்கையில் வைத்தாள். அங்கே குறுக்கே ஒரு கோடாகத் தோல் உரிந்திருந்தது. அவர் கையை மூடவில்லை. அந்தச் சிவப்புத் தூள் எங்கிருந்து வந்தது என்றோ, உள்ளங்கைக்கு என்ன ஆனது என்றோ எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இனி அப்பா பகலிலும் வீட்டில் இருப்பார் போலிருக்கிறதே என்ற சந்தோஷத்தில், இலை எப்போது பொன்னாகும் என்று நானும் தங்கச்சியும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.