கப்பலுக்குப் போன டைரி

என் டைரிகளில் ஒன்றே ஒன்றில்தான் வேறொருவர் கையெழுத்து இருக்கிறது. இரண்டு வரி. ஐம்பதுகளின் பின்பாதியில், தங்கைக்குக் கல்யாணம் நடந்த வருஷத்து டைரி அது.

அப்போது நான் திருச்சி ரயில்வே அலுவலகத்தில், வண்டிகள் வந்து போகும் நேரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் குமாஸ்தா. அப்பா இல்லாததால் தங்கையின் கல்யாணம் என் பொறுப்பு. அவளுக்கு இருபத்தாறு வயது. பேசிய இரண்டு சம்பந்தங்கள் கலைந்திருந்தன. மூன்றாவதாக அமைந்தவர் மணப்பாறைக்காரர், கடற்படையில் சிக்னல் பிரிவு. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வருவதற்குள் அவர் கப்பல் ஒரு வருஷத்துக்கு வெளிநாடு போய்விடும். ஆகவே தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தைய செவ்வாய்தான் கடைசி நாள். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.

மாப்பிள்ளையின் கப்பலோ திரிகோணமலையில் நின்றது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பிரிட்டன் கப்பல்கள் சேர்ந்து பயிற்சி செய்வதாகப் பேப்பரில் வந்தது. என்றைக்கு முடியும் என்று வரவில்லை. மாப்பிள்ளையும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவேன். உத்தர வீதியில் ஆபீஸ் நண்பர் வீட்டு ரேடியோவில் கொழும்பிலிருந்து தமிழ்ச் செய்தி கேட்கும். கையில் டைரியோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நண்பர் சிரிப்பார்.

"இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில முட்டிண்டு நிக்கறா, அங்கே மட்டும் ஒண்ணா பீரங்கி சுடறாளாம். உம்ம மாப்பிள்ளை யாரை நம்பி ஓய் கப்பல்ல நிக்கறார்?"

அவர் யாரை நம்புகிறார் என்பது எனக்கு முக்கியமில்லை. எப்போது திரும்புகிறார் என்பதுதான் வேண்டும். ஒருநாள் செய்தியில், வருகிற வெள்ளிக்கிழமை விருந்தினர் கப்பல்களுக்கு வழியனுப்பு விருந்து என்றார்கள். குறித்துக்கொண்டேன். மணப்பாறையில் மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்குக் கொச்சியிலிருந்து ஏலக்காய் வாங்கி வருவதாக மகன் எழுதியிருக்கிறான் என்றார். அதையும் குறித்தேன். இரண்டையும் சேர்த்தால் கணக்கு வந்துவிட்டது.

முதல் ஓலைக்கு ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளைக்குக் கார்டு போட்டேன். நான் எதையும் கார்டில்தான் எழுதுவேன், பதில் சொல்ல வசதியாக எண் போட்டு. ஒன்று, பயிற்சி வெள்ளியன்று முடிகிறது, சரியா? இரண்டு, பாகிஸ்தான் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் சனி காலை புறப்படுகின்றன, சரியா? மூன்று, உங்கள் கப்பலும் அன்றே கிளம்பிச் செவ்வாய்க்குள் கொச்சி சேரும், சரியா? நான்கு, லீவு எந்தத் தேதியிலிருந்து? கீழே கொச்சியிலிருந்து திருச்சிக்கு வரும் ரயில்களின் நேரங்களையும் எழுதினேன்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் பதில் வந்தது. உறையில் கொச்சி முத்திரை. பிரிப்பதற்கு முன், என் கணக்கு தப்பவில்லை என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

கார்டைக் கப்பல் அதிகாரி படித்துவிட்டாராம். கப்பல்கள் கிளம்பும் நாளை முன்கூட்டியே உனக்கு மச்சானாகப் போகிறவருக்கு யார் சொன்னது என்று விசாரணை. நம் கப்பல் விஷயம் என்றால்கூடப் பரவாயில்லை, மற்ற நாட்டுக்காரர்கள் நம்மை நம்பிச் சொன்ன நேரத்தை வெளியே விட்டால் அடுத்த தடவை யார் சேர்ந்து வருவார்கள் என்று கேட்டாராம். லீவு நிறுத்தம்.

தங்கை கடிதத்தைப் படித்து மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"அண்ணே, எனக்காக இனிமே எதையும் கணக்குப் போடாதீங்க."

பங்குச் சாமியாரிடம் போனேன். மூன்றாவது ஓலையை வாசிக்கலாம், ஆனால் சாம்பல் பூசும் புதனைத் தன்னால் தள்ளிவைக்க முடியாது என்றார். வீட்டுக்கும் கோயிலுக்குமாக நடந்தேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? மாப்பிள்ளை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அன்று மாலையே டைரியை அப்படியே கட்டி, அதிகாரி பெயருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். எந்தச் செய்தியை எங்கே, எத்தனை மணிக்குக் கேட்டேன் என்பது அதில் இருந்தது. ஏலக்காயும் இருந்தது. என் மனைவியிடம் போட்ட சண்டைகளும் இருந்தன. வேறு வழியில்லை. அந்த வாரம் முழுவதும் எழுத எதுவும் இல்லாமல் கை பரபரத்தது. பழைய பேப்பர் ஓரத்தில் எழுதுவேன், கிழிப்பேன்.

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். திங்கட்கிழமை வண்டிகளில் அவர் வரவில்லை. செவ்வாய் விடியற்காலை ஜங்ஷனில் நான் எதிர்பார்த்த வண்டி வந்து போயிற்று. அதிலும் இல்லை. திரும்பி நடக்கும்போது, என் அட்டவணையில் இல்லாத ஒரு ஸ்பெஷல் வண்டியிலிருந்து இறங்கி, தோளில் பையும் கையில் டைரியுமாக அவர் நின்றார்.

"டைரியப் படிச்சுட்டு அதிகாரி லீவு கொடுத்துட்டாரு, கார்டு மட்டும் இனிமே போடாதீங்க மச்சான். கப்பல் எங்க போகுதுன்னு கப்பல்ல யாருக்காவது சந்தேகம் வந்தா இப்ப என்னைக் கூப்பிட்டு, உன் மச்சானக் கேளுங்கிறாங்க."

பத்து மணிக்குத் தாலி ஏறியது. தங்கை என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் டைரியைப் பிரித்தேன். கார்டு எழுதிய நாளின் பக்கத்தில், சிவப்பு மையில், ஆங்கிலத்தில் அதிகாரி எழுதியிருந்தார்: உங்கள் கணக்கில் ஒன்று தவறு. எது என்று சொல்வதற்கில்லை.

மாப்பிள்ளையிடம் இதுவரை நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்துச் சரிபார்க்கிறேன்.