ராத்தாவின் குடத்தில் வாய் வைத்த நாய்க்குட்டி

இன்று காலை ஒரு தம்பி ஃபேஸ்புக்கில் மூன்று படம் போட்டிருந்தார். புது ஊர், புது வேலை, புது நாய்க்குட்டி.

லைக் போட்டேன். உடனே எடுத்தும் விட்டேன். (தம்பி கோபிக்க வேண்டாம். குறை உங்கள் படத்தில் இல்லை.)

அந்த மூன்றும் எனக்கும் ஒரே வாரத்தில் கிடைத்தவை. அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அய்யாவுக்கு அடுத்தவர் காட்டில் கூலி வேலை. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். மிச்ச எழுத்தெல்லாம் கடைப் பலகையும் பொட்டலக் காகிதமும் பார்த்து நானே கற்றது.

அந்த எழுத்துக்குத்தான் பாம்பனில் வேலை கிடைத்தது! கருவாட்டு மண்டியில், ரயிலேறும் சிப்பங்களின் மேல் மையால் முகவரி எழுத வேண்டும்.

புறப்படும்போது எங்கள் ஊர் ஆட்டுக்கிடை நாய் போட்ட குட்டி ஒன்றைக் கூடையில் வைத்தேன். துணியால் மூடி, மேலே மிளகாய் வற்றலைப் பரப்பி, ராமநாதபுரத்தில் ரயிலேறினேன். நாய்க்கும் டிக்கெட் உண்டு என்பது எனக்குத் தெரியும். (என்னிடம் காசில்லை என்பது ரயில்வேக்குத் தெரியாது.)

பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது கூடை தும்மியது. ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை!

எதிரே இருந்த பெரியவர் குனிந்து பார்த்தார். "தம்பி, ஒம் மொளகாக்கு சளி புடிச்சிருக்குப்பா."

பெட்டியே சிரித்தது. அன்று முதல் குட்டிக்குப் பெயர் மிளகாய்.

கடற்கரையோரம் வரிசை வீட்டில் எனக்கு ஓர் அறை. அடுத்த வீட்டில் ராத்தா. அங்கே முஸ்லிம் குடும்பங்களில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அந்த வரிசை முழுவதற்கும் அவர் ராத்தாதான். கணவர் தோணியில் போகிறவர்.

"நாய எங்க வாசலு தாண்ட விட்றாத தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னவரே தினமும் மீன் தலைகளைச் சிரட்டையில் போட்டு, எட்டி நின்று தள்ளுவார்.

"தின்னுடா மொளகா. ஒங்க மொதலாளிக்குத்தான் கருவாட்டு நாத்தத்துல சோறு எறங்கல. நீயாச்சும் தின்னு!"

ஒரு நாள் குட்டி அவர் வாசலில் இருந்த தண்ணீர்க்குடத்தில் வாய் வைத்துவிட்டது.

ராத்தா தண்ணீரைக் கொட்டினார். குடத்தை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மறுபடியும் கழுவினார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழு தடவை!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் ஊரில் அய்யா தொட்ட செம்பை அப்படித்தான் மண் போட்டுக் கழுவுவார்கள், அவர் கண் முன்னாலேயே. அதிலிருந்து தப்பித்துத்தானே இங்கே வந்தேன்!

மறுநாள் சிரட்டை வந்தது.

"வேணாம். எங்க நாய்க்கு நாங்க போட்டுக்கிறோம்" என்றேன்.

"என்ன தம்பி, கோவமா?"

"ஒங்க மீனும் வேணாம், ஒங்க பேச்சும் வேணாம்."

பத்து நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டிக்கு வெறும் கஞ்சி. அதுவும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மண்டி விடுமுறை. கரைவலை இழுத்தவர்கள் சில மீன்களை மணலில் வீசிவிட்டுப் போனார்கள். உருண்டை வயிறு, நல்ல கொழுப்பு. இரண்டை எடுத்தேன்.

வலைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ஏலே, அது என்னத்துக்கு?"

வீசியதைப் பொறுக்கித் தின்கிறான் என்று நினைப்பாரே! "செடிக்கு ஒரம் போட" என்றேன்.

"அப்பச் சரி" என்று போய்விட்டார்.

குழம்பு வைத்தேன். என் பங்கை மதியத்துக்கு மூடி வைத்துவிட்டு, குட்டிக்கு முதலில் கஞ்சியில் பிசைந்து போட்டேன். வாலை ஆட்டி ஆட்டித் தின்றது.

கொஞ்ச நேரத்தில் அதன் பின்கால்கள் இழுத்துக்கொண்டன. வாயில் நுரை. நான் போட்ட சத்தத்தில் ராத்தா ஓடி வந்து சட்டியைத் திறந்து பார்த்தார்.

"யா அல்லா! பேத்த மீனுடா இது! நஞ்சுடா! நீ தின்னியா?"

"இல்ல."

"வாயத் தொற! சத்தியமாத் திங்கலயே?"

சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது.

"காக்கா கூடத் தொடாமக் கெடந்துருக்குமே, அதக் கண்டியா? என்னைய ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ?"

பிறகு அவரே அந்தக் குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். விரலால் வாயை விரித்துப் புளித்தண்ணீர் ஊற்றினார். நுரையெல்லாம் அவர் சேலையில் வழிந்தது.

"ராத்தா, ஒங்க சேல..." என்றேன்.

"கழுவுனாப் போயிரும். நாய் எச்சின்னா ஏழு தடவ கழுவணும், எங்க மார்க்கத்துல அதான் சட்டம். ராசா வீட்டு நாயின்னாலும் ஏழுதான். நீ என்னமோன்னு நெனச்சியா?"

நடுப்பகலுக்கு முன்னால் மிளகாய் அவர் மடியிலேயே அடங்கிவிட்டது.

அலை எட்டாத மேட்டில் புதைத்தோம். கிணற்றடியில் ராத்தா சேலையைக் கழுவ நான்தான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். அன்று எண்ணவில்லை.

அதே வீட்டில் இன்னும் நான்கு வருடம் இருந்தேன். "நான் நெனச்சது தப்பு ராத்தா" என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அய்யா தொட்ட செம்பைக் கழுவியவர்களை நான் மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் இல்லை, இனியும் மாட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் அவர்கள் மேல் காட்ட வேண்டிய கோபத்தை ராத்தா வாசலில் கொண்டுபோய்க் கொட்டினேனே, அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? சொல்லுங்கள்.