உலர்த்தும் அடுப்பில் கணவாய்

2014 நவம்பர் 6, தென் கொரியாவின் தேஜோன் நகரப் பல்கலைக்கழக ஆய்வகம். ஆய்வு மாணவி டோ யூன்-ஜு, லித்தியம் மின்கலத்துக்கான அடுக்கடுக்கான மாங்கனீஸ் ஆக்சைடைச் சூளையே இல்லாமல் கரைசலில் விளைவித்திருந்தாள். அவளுடைய ஆய்வுப் பட்டம் அந்த ஒரு மாதிரியை நம்பியிருந்தது. மறுபடி தயாரிக்கக் காலமில்லை. எண்பது பாகைச் சூட்டில் உலர்த்தும் அடுப்பில் வைத்துப் போனவள் திரும்பி வந்து அதைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேல்தட்டில் மூத்த மாணவர் பாங் சுங்-மோ வைத்த பாதி காய்ந்த கணவாய் மீன், அவளுடைய கறுப்புப் பொடிமேல் உப்புநீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீ! என்னண்ணே இது?"

"இந்தச் சூடு கணவாய்க்கு அப்படிப் பொருந்துதும்மா. நீயும் ஒரு கால் எடுத்துக்கோ."

"நீங்களே தின்னுட்டு ஆஸ்பத்திரியில படுங்க. அடுக்குக்குள்ள லித்தியம் இருக்கணும்ணே, உங்க உப்பு இல்ல!"

"கழுவிட்டாப் போச்சு" என்றார் மென்றுகொண்டே.

அந்த வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது. பொடியைக் கழுவினாள், மின்கலம் கட்டினாள், அது தேக்கும் மின்னூட்டத்தை அளந்தாள். பட்டத்துக்குக் கிராமுக்கு நூற்றெண்பது மில்லியாம்பியர்-மணியாவது தேவை.

வந்தது நாற்பத்தொன்று.