ஹெல்கா வீட்டு ருபார்ப் செடிக்கு அடியில்

ஹெல்கா போயிட்டாங்க. ஜெர்மனியில, கார்ல்ஸ்ரூஹேல இருந்து அவங்க பொண்ணு காலையில மெசேஜ் அனுப்பியிருந்தா... தூக்கத்துலயே போயிடுச்சாம் உயிர்.

எழுபதுகளோட ஆரம்பத்துல நான் அங்க ரிசர்ச் ஸ்டூடண்ட். ஹெல்கா எங்க லேப் டெக்னீஷியன். என்னை வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிட்ட முதல் ஜெர்மன்காரங்க.

அவங்க தோட்டத்து நடுவுல ஒரு செடி. அலங்கார ருபார்ப்னாங்க. சமையலுக்கு இல்ல, அழகுக்கு வளர்க்கறது.

ஏப்ரல்ல ரத்தச் சிவப்பா மொட்டு மண்ணைப் பிளந்துக்கிட்டு வரும், இறுக்கி மூடின கை மாதிரி. ஜூன்ல ஒவ்வொரு இலையும் குடை அளவு. பூத்தண்டு என் தலைக்கு மேல நிக்கும்.

யாரு பக்கத்துல போனாலும் உள்ள இருந்து ஜன்னலைத் தட்டற சத்தம் வரும். ஹெல்காவோட அம்மா. அதிகம் பேசமாட்டாங்க. நாள் முழுக்க அந்த ஜன்னல்தான்... காதை லேசா சாய்ச்சு வச்சுக்கிட்டு.

"எதைக் காது குடுத்துக் கேக்கறாங்க?"ன்னு ஹெல்காகிட்ட கேட்டேன்.

"தெரியல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இப்படித்தான்."

ஒரு அக்டோபர்ல, செடி ரொம்பப் பெருத்துட்டதால, கிழங்கைப் பிரிச்சு நடலாம்னு ஹெல்கா முடிவு பண்ணாங்க. நான் உதவிக்குப் போனேன். வேர் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு. தோண்டத் தோண்ட, ஜன்னல் தட்டற சத்தமும் நிக்கல.

மண்வெட்டி எதுலயோ உரசிச்சு. இரும்பு.

ஹெல்கா குனிஞ்சு பார்த்தாங்க. குரல் கொஞ்சமும் மாறல.

"மண்வெட்டியை அப்படியே விட்டுடுங்க, செல்வம். மெதுவா ரோட்டுக்குப் போங்க. நான் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

ரெண்டாம் உலகப்போர் காலத்துக் குண்டு. வெடிக்காம கிடந்தது.

அம்மா எழுந்திரிக்க மாட்டேன்னுட்டாங்களாம். ஹெல்கா அவங்களைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. போலீஸ் தெருவையே காலி பண்ணிச்சு. நாங்க தெருக்கோடியில நின்னோம்... ஒரு நாய்கூடக் குரைக்கல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"ன்னு ஹெல்கா கேட்டாங்க.

"விழுந்த சத்தம் கேட்டுச்சு. வெடிச்ச சத்தம் வரல. சொன்னேன், யாரும் நம்பல. அதான் யாரும் அங்க கால் வைக்காத மாதிரி பெருசா ஒரு செடி நட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... வெடிக்கற சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சாயங்காலத்துக்குள்ள குண்டைச் செயலிழக்க வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. குழியை மூடி, மிச்சமிருந்த கிழங்கை ஹெல்கா வேலியோரமா நட்டாங்க. அம்மா மட்டும் மறுநாளும் அதே ஜன்னல்ல, அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கிட்டு...

இன்னைக்கு எனக்குக் கண்ணு முன்னாடி நிக்கறது ஒண்ணுதான். அம்மாவைத் தூக்கிக்கிட்டு ஹெல்கா அந்தக் குழியைத் தாண்டி வந்த நடை. ஓடல. கையில பால் பாத்திரம் இருக்கற மாதிரி, ஒவ்வொரு அடியா வச்சு வந்தாங்க.

டாங்கே, ஹெல்கா... நன்றி. பத்திரமா போங்க.